இருபது நிமிடம் காலியாகக் கிடந்த ஸ்டேஷன்

ராஜகுமாரி அம்மா அவர்களுக்கு,

இன்று மத்தியானம் என் வீட்டு கேட்டுக்கு வெளியே முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றீர்கள். நான் உள்ளேதான் இருந்தேன். தூங்கவில்லை, குளித்துக்கொண்டிருக்கவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறக்காததற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு நான் கதவு திறப்பதில்லை. ஊர் அப்படி இருக்கிறது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது எல்லாம் காதில் விழுந்தது. "எம்மா, வேலைக்காக வரல நானு. வேல போனா போவுது. ஒண்ணே ஒண்ணுதான். நீ கூப்ட்டியா, இல்ல அவரா வந்தாரா? அத மட்டும் சொல்லிடு. அந்த மனுசனுக்கு நான் தெனம் சோறு போட்டாவணும்."

அதற்குப் பதில்தான் இது. ஆனால் முதலிலிருந்து சொல்வேன். நடுவிலிருந்து ஆரம்பித்தால் நீங்கள் என்னைத்தான் குற்றவாளி என்பீர்கள்.

நாளை பதினோரு மணிக்கு டி.எஸ்.பி. ஆபீசில் விசாரணை. நான் கையெழுத்துப் போட்ட புகாரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கணவர் மஸ்கட்டில், நான் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு தனியாக இருக்கும் வீடு, மத்தியானம் மூன்றரை மணிக்கு உங்கள் வீட்டுக்காரர் தணிகாசலம் பின்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார், யாரும் அழைக்கவில்லை. அந்த இருபது நிமிடமும் அவர் மேசையில் இருக்க வேண்டிய போலீஸ் ஸ்டேஷன் ஆளில்லாமல் திறந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்ததாம்.

சரி. முதலிலிருந்து.

ஏழு மாதத்துக்கு முன்னால் எங்கள் அமுதம் நகரில் பதினைந்து நாளில் இரண்டு செயின் பறிப்பு. இரண்டும் பட்டப்பகல், இரண்டும் மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு. இங்கே பாதி மனை காலி, முள்ளுச் செடி. மீதி வீடுகளில் பகலில் ஆள் கிடையாது. லேஅவுட் சங்கச் செயலாளர் குலசேகரன் சார் என்னிடம் வந்து, "கான்வென்ட்ல படிச்ச பொண்ணு, நீதாம்மா மனு எழுதணும்" என்றார். எழுதினேன். ரோந்து வேண்டும், பகலிலும் வேண்டும், ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டும் என்று மூன்று பக்கம். அழகாக எழுதியிருந்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதற்குப் பதிலாக வந்ததுதான் உங்கள் வீட்டுக்காரர்.

இன்ஸ்பெக்டர் கூட்டம் போட்டுச் சொன்னார். ஸ்டேஷனில் இருக்கிற போலீஸில் பாதிப் பேர் மேசை, போன், கோர்ட், வாசல் பாரா என்று உள்ளேயே கட்டிப்போட்டது மாதிரி கிடக்கிறார்களாம். இனிமேல் அந்த வேலைக்கெல்லாம் பட்டாளத்திலிருந்து வந்து இன்னும் ரிசர்வ் லிஸ்டில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்களாம். போலீஸ் முழுவதும் பைக்கில் தெருவுக்கு வந்துவிடுமாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போது எனக்கு யோசனை வரவில்லை. போலீஸ் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டால், நாம் ஓடிப் போய்க் கதவைத் தட்டுகிற இடத்தில் யார் இருப்பார்கள்?

அதற்கு முன்னால் அந்த மேசையில் பிலோமினா ஏட்டம்மா இருந்தார். ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூட நான் போன் பண்ணியிருக்கிறேன். மாடியில் சத்தம், கேட்டுக்குப் பக்கத்தில் தெரியாத பைக், காலி மனையில் பீடி வாசனை. ஒன்றுக்கும் அலுத்துக்கொள்ள மாட்டார். "ஒண்ணும் இல்ல கண்ணு, பூனையா இருக்கும். பாப்பா சாப்ட்டுச்சா? நீ தாழ் போட்டுக்கிட்டுப் படு" என்பார். எனக்கு அது போதும். ஒரு வரி எழுதிக்கொள்ள மாட்டார், ஒரு ஆளையும் அனுப்ப மாட்டார். ஆனால் போனை வைத்ததும் எனக்குத் தூக்கம் வரும்.

திட்டம் வந்தது. ஏட்டம்மாவை ரோந்துக்குப் போட்டார்கள். மறுநாள் போன் பண்ணினால் ஒரு ஆண் குரல். "சொல்லுங்கம்மா. பேரு? தெரு? நேரம் இப்ப ரெண்டு பதினாலு." எழுதுகிற சத்தம் கேட்டது. பின் மனையில் யாரோ இருக்கிறார்கள் என்றேன். "பாத்ததாம்மா, கேட்டதா, நெனச்சதா?"

இப்படி யாராவது கேட்பார்களா? நீங்களே சொல்லுங்கள். ரிஜிஸ்டரில் அதற்கென்று மூன்று கட்டம் போட்டிருந்தார் உங்கள் வீட்டுக்காரர். பார்த்தது, கேட்டது, நினைத்தது. பட்டாளத்தில் அப்படித்தானாம். எல்லைக் காவலில் நிற்கிறவன் மேலிடத்துக்குச் செய்தி சொன்னால் இதில் எது என்று சொல்லியாக வேண்டுமாம். நான் என்ன எல்லையிலா நிற்கிறேன்? இரண்டு பெட்ரூம் வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பயப்படுகிறவளைப் பார்த்து "நெனச்சதா?" என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? உனக்குப் பைத்தியமா என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் பட்டது.

மூன்று மாதத்தில் நாற்பத்தொரு போன். எண்ணினது நான் இல்லை, அவர். குலசேகரன் சார் ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போனவர், ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார். "ஏம்மா, நாப்பத்தொண்ணுல முப்பத்தாறு 'நெனச்சது'ல இருக்கே!" எனக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அதை மறைக்கவில்லை. நாற்பத்தொரு தடவையும் பைக் வந்தது. நினைத்தது என்று எழுதின முப்பத்தாறுக்கும் ஆளை அனுப்பினார். அதுவும் எனக்கு அவமானம்தான். வருகிற போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பார்களே.

இதற்குள் என் மாமியார் திருவண்ணாமலையிலிருந்து போன். "புள்ளைய பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாம ரெண்டு மாசமா வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கியாமே. உன்னால முடியலன்னா இங்க கொண்டாந்து விடு." என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து சொன்னார், "சுபா, இன்னொரு தடவை ஏதாவது கேள்விப்பட்டேன்னா இனியா எங்க அம்மாகிட்டதான் வளருவா. நீ இங்க கிளம்பி வந்துடு." குரலை உயர்த்தவே இல்லை. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னால் அது முடிவு.

இதைப் படிக்கும்போதாவது உங்களுக்குப் புரிகிறதா நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று? திருடனுக்கு மட்டும் இல்லை.

அப்புறம் அந்த நோட்டு. ரோந்து வருகிற போலீஸ் கையெழுத்துப் போட நாலாவது தெரு முனையில், டிரான்ஸ்பார்மர் கம்பத்தில், ஒரு தகரப் பெட்டி கட்டி உள்ளே நோட்டு வைத்திருக்கிறார்கள். நேரமும் கையெழுத்தும் இருக்கும். ஒரு நாள் சும்மா திறந்து பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கே சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் கையெழுத்து! ஒரே பேனா, ஒரே சாய்வு. அன்றிலிருந்து தினமும் போய்ப் பார்ப்பேன். மனு எழுதினவள் நான், நான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள்? மூன்று மணிக்குத்தானே செயின் பறித்தார்கள், அதனால் மூன்று மணிக்குப் போவேன். போக ஆறு நிமிடம், வர ஆறு நிமிடம். அந்த நேரம் இனியா தூங்கிக்கொண்டிருப்பாள். தூங்குகிற குழந்தையை வெயிலில் தூக்கிக்கொண்டு, அதுவும் செயின் பறிக்கிற தெருவில், எந்தத் தாய் போவாள்? வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவேன். நல்ல பூட்டு, ஏழு லீவர்.

யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்கதவில் உள்பக்கம் கீழே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. ஆசாரியைக் கூப்பிட்டு நான் வைத்தது. "கொழந்த எட்ற ஒயரத்துல யாராச்சும் தாப்பா வைப்பாங்களாம்மா?" என்று கேட்டார். வைக்கச் சொன்னேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஒருவன் வாசலில் என் கழுத்தைப் பிடித்துவிட்டால், அவளாவது போட்டுக்கொள்ள வேண்டாமா? பழக்கியும் வைத்தேன். தனியாக இருந்தால் ஓடிப் போய்த் தாழ் போடு. யார் தட்டினாலும் திறக்காதே. அம்மா குரலில் கூப்பிட்டாலும் திறக்காதே, திருடன் அம்மா மாதிரியே பேசுவான். நானே வெளியே நின்று கூப்பிடுவேன், திறக்காமல் இருந்தால் ஒரு சாக்லேட். நாலே நாளில் படித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

அன்றைக்குப் பாலை அடுப்பில் சிம்மில் வைத்துவிட்டுத்தான் போனேன். பன்னிரண்டு நிமிட வேலைதானே. ஆனால் நோட்டில் மூன்று மணிக் கையெழுத்து இல்லை. இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அங்கேயே நின்றேன். மூன்று இருபதுக்கு பைக் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மேடம், டைம் கரெக்டா? நீங்களும் ஒரு சைன் போட்டுடுங்க, எங்க எஸ்.ஐ. சந்தோசப்படுவாரு" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். கதவு திறக்கவில்லை.

தள்ளினேன். உள்ளே கீழ்த் தாழ்ப்பாள் விழுந்திருந்தது. தீய்ந்த பால் வாசனை வந்தது. சமையலறை ஜன்னல் பக்கம் ஓடினேன். கம்பிக்கு உள்ளே புகை. அடுப்புப் பக்கத்துத் திரையின் ஓரம் நெருப்பு சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப வாசலுக்கு ஓடி, "இனியா, அம்மாடி, கதவத் திற, அம்மா வந்துட்டேன்" என்று கத்தினேன்.

கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் குரல் கேட்டது. "நீ அம்மா இல்ல. நீ திருடன். எனக்குத் தெரியும்."

கெஞ்சினேன். அழுதேன். அழ அழ அவளுக்கு உறுதியாகிவிட்டது, இது திருடன்தான் என்று. "போ!" என்றாள். இருமினாள். மறுபடியும் "போ!" என்றாள்.

போன் உள்ளே. பக்கத்து வீட்டை ஏன் தட்டவில்லை என்று கேட்பீர்கள். இடது பக்க வீட்டில் ஆள் இல்லை. வலது பக்க வீட்டுக்காரரைப் பற்றி நானே இரண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியிருக்கிறேன். அந்த நிமிடத்தில்கூட அவர் கதவைத் தட்டக் கை போகவில்லை. ஓடினேன். ஸ்டேஷன் இரண்டு தெரு தள்ளி மெயின் ரோட்டில். செருப்பு இல்லை.

ஸ்டேஷனில் ஒரு போலீஸ் இல்லை. எல்லோரும் என் மனுப்படி தெருவில். ரைட்டர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். உங்கள் வீட்டுக்காரர் மட்டும் மேசையில். என்னைப் பார்த்ததும் ரிஜிஸ்டரை விரித்துப் பேனாவை எடுத்தார். "சொல்லுங்கம்மா, நேரம் மூணு…" என்று ஆரம்பித்தவர், என் காலைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பேனாவைக் கீழே போட்டார். "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். கையைக் காட்டினேன். எனக்கு முன்னால் ஓடினார்.

எனக்கு முன்னால், அக்கா. அந்த வயதில்.

பின்கதவைத் தோளால் நாலு முறை இடித்தார். ஐந்தாவது முறை கீல் பெயர்ந்தது. சட்டையைக் கழற்றி வாயில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். காஸை மூடின சத்தம் கேட்டது. இனியாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் வீறிட்டுக்கொண்டிருந்தாள், அவர் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள். அவள் முடியில் சாம்பல் இருந்தது, அவ்வளவுதான். ஒரு காயம் இல்லை. அவளைக் கொல்லையில் இறக்கிவிட்டு, திரும்ப உள்ளே போய் எரிகிற திரையை வாளித் தண்ணீரில் முக்கினார்.

அப்போதுதான் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உடைந்த கதவு, அலறுகிற குழந்தை, தலை அவிழ்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிற நான், சட்டை இல்லாமல் வீட்டுக்குள்ளிருந்து வருகிற ஒரு ஆள். குலசேகரன் சார் பிடித்துக்கொண்டார். "யோவ், பொம்பள தனியா இருக்கிற வூட்டுக்குள்ள உனக்கு இன்னாய்யா வேல?"

உங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று பார்த்தார்.

நான் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அடுப்பை எரியவிட்டு, குழந்தையைப் பூட்டிவிட்டு, போலீஸ் கையெழுத்தைப் பார்க்கப் போனேன் என்று. குலசேகரன் சாருக்கும் என் மாமியாருக்கும் தூரத்து உறவு. சாயங்காலத்துக்குள் திருவண்ணாமலைக்குத் தெரிந்துவிடும். மறுநாள் காலையில் கார் வந்து நிற்கும். நான் தரையைப் பார்த்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை, அப்போது. தரையைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அவராவது நின்று பேசியிருக்கலாம் இல்லையா? "இந்தம்மாதான் வந்து கூப்ட்டாங்க" என்று நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "புள்ளைக்குத் தண்ணி குடும்மா. ஸ்டேஷன் தனியா கெடக்குது" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பட்டாளத்தில் இதைச் சொல்லித்தரவில்லையா? அதோடு, ஈ பறந்ததைக்கூட ரிஜிஸ்டரில் எழுதுகிற மனிதர், நான் வந்ததை எழுதவில்லை. நாற்பத்தொன்றையும் எழுதினார், நாற்பத்திரண்டாவதை எழுதவில்லை. அது என் தப்பா? ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருந்தால் இன்று அவருக்குச் சாட்சி இருந்திருக்கும்.

எழுதிவிட்டு எழுந்திருந்தால் இனியா இருந்திருப்பாளா என்று நீங்கள் கேட்பீர்கள். அதை நான் யோசிப்பதில்லை. யோசிக்க ஆரம்பித்தால் எழுந்து போய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன். இதோ, பார்த்துவிட்டு வந்தேன்.

புகாரைக் குலசேகரன் சார்தான் சொன்னார், எழுதினது நான். அவர் "பலவந்தமாக" என்று ஒரு வார்த்தை போடச் சொன்னார். நான் போடவில்லை. அதையாவது கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். "அழைக்காமல்" என்று மட்டும் போட்டேன். அன்று சாயங்காலமே எரிந்த திரையை அப்புறப்படுத்திவிட்டு, சமையலறைச் சுவரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கரியை எடுத்துவிட்டேன். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது. "அந்த ஆள் நெருப்புன்னு சொல்றாரே?" என்றார். "பால் பொங்கி வழிந்தது" என்றேன். இனியாவை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் அவள், திருடன் வந்தான், நான் கடித்தேன் என்றுதான் சொல்வாள். எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பெருமையாக.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குப் பால் ஊற்றுகிற கோவிந்தம்மா உங்கள் ஊர்தான், அவள் சொன்னாள். பதினெட்டு வருஷம் பனியில் இருந்த ஆளுக்குத் தனியாக இருக்கிற பொம்பளையைக் கண்டதும் புத்தி கெட்டுவிட்டது என்று பேசுகிறார்களாம். உங்கள் பெண் காலேஜுக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாளாம். நீங்கள் அவருக்குத் தட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுகிறீர்களாம்.

அவராக வரவில்லை. நான் கூப்பிட்டேன். இன்னும் சரியாகச் சொன்னால் கூப்பிடக்கூட இல்லை, போய் நின்றேன். உள்ளே இருந்த நேரம் எல்லாம் அவர் கண் குழந்தை மேலும் நெருப்பு மேலும்தான் இருந்தது. என்னை அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை, நான் தரையைப் பார்த்தேனே, அப்போது. அவருக்கு நீங்கள் சோறு போடலாம். பேசிக்கொண்டே போடலாம்.

கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது இல்லையா? வேலைக்காக வரவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியானால் இத்தோடு விட்டுவிடுங்கள். நாளைக்கு நான் புகாரில் இருப்பதைத்தான் சொல்வேன். உங்களுக்கு உங்கள் பெண் இருக்கிறாள், யாரும் வந்து தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்கள். படித்துவிட்டு இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். டி.எஸ்.பி. ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனால், இது நான் எழுதினது இல்லை என்று சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அந்தத் தைரியமெல்லாம் எனக்கு வந்துவிட்டது, அக்கா.

அதற்காகத்தான் ஆரம்பத்தில் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, அச்சடித்தது மாதிரி எழுதிக்கொண்டு வந்தேன், என் கை என்று தெரியாமல் இருக்க. இப்போது திருப்பிப் பார்க்கிறேன். கதவு திறக்கவில்லை என்கிற இடத்திலிருந்து எழுத்து மாறிவிட்டிருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாம் என் கையெழுத்துத்தான். அந்தப் புகாரும் இதே கையால் எழுதினதுதான், அது டி.எஸ்.பி. மேசையில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

அந்தப் பக்கங்களை மட்டும் திரும்ப எழுத ஒரு மணி நேரம் போதும். கோவிந்தம்மா காலை ஐந்தரைக்குப் பாலோடு வருவாள். நேரம் நிறைய இருக்கிறது. தாளும் இருக்கிறது.

எழுதவில்லை. இப்படியே மடித்து அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

சுபாஷிணி